இருபத்தொரு நிமிடம் சும்மா

ஐந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பறைக்குள் ஸ்டாப் வாட்சோடு நுழைந்த முட்டாள் இந்த ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கையில் பிடித்திருந்தாலாவது பரவாயில்லை, கயிறு கட்டிக் கழுத்தில் வேறு தொங்கவிட்டிருந்தேன். வாசலில் நின்ற ஒரு சிறுமி அதைப் பார்த்துவிட்டு, “ஊசி போட டாக்டர் வந்துட்டாரு” என்று உள்ளே ஓடிப்போய்ச் சொல்ல, கடைசி வரிசையில் மூன்று பேர் அழ ஆரம்பித்தார்கள். என் ஆய்வின் முதல் பலன் அது.

வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். எந்த வேலைக்கு எத்தனை நொடி, எந்தக் கை எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்று குறித்துக் குறித்தே எனக்கு முடி கொட்டியது. கை சும்மா இருந்தால் அதற்கு எங்கள் தாளில் ஒரு கட்டம் உண்டு, ‘ஐடில்’ என்று. விருப்ப ஓய்வு வாங்கி வீட்டுக்கு வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. ஒரு தோசைக்கு எத்தனை நொடி ஆகிறது என்று அடுப்பங்கரையில் நின்று அளந்தேன். மனைவி திரும்பிப் பார்த்தாள். கையில் தோசைக்கரண்டி இருந்தது. அன்றோடு வீட்டுக்கு வெளியே அளக்க ஏதாவது கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தேன்.

கிடைத்தது. மாம்பழக்கூழ் தொழிற்சாலை வைத்திருந்த என் நண்பர், குருபரப்பள்ளி தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடமும் ஆரம்பித்திருந்தார். தாளாளர் என்று போர்டு இருந்தாலும் மனசளவில் அவர் மாம்பழக்காரர்தான். எதையும் அமுக்கிப் பார்த்தால்தான் நம்புவார்.

“யூகேஜி மிஸ் மேல கம்ப்ளெய்ன்ட் வந்துனே கீதுப்பா,” என்றார். “கிளாஸ்ல இங்கிலீஷ் பேசறதே இல்லியாம். சும்மா உக்காந்துனு புள்ளைங்களப் பாத்துனு கீறாங்களாம். நீ மூணு நாளு உக்காந்து பாத்து ஒரு ரிப்போர்ட் குடு. அடுத்த வருசத்துக்கு வெச்சிக்கறதா வேணாவான்னு அத வெச்சி முடிவு பண்ணிக்கலாம்.”

“நீங்களே போய் உக்காந்து பாக்கலாமே,” என்றேன்.

“அந்தம்மா எதுருல நம்மால நிக்க முடியாதுப்பா. பேசாம பாக்கும். கேக்காததுக்கெல்லாம் நான் பதில் சொல்லிட்டு வந்துடறேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு யூகேஜி மிஸ்ஸுக்குப் பயப்படுகிற முதலாளியை அப்போதுதான் பார்த்தேன். மிஸ்ஸை இன்னும் பார்க்கவில்லை அல்லவா, அதனால் வந்த சிரிப்பு.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, காலில் வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ. அந்த இரண்டும் ஒன்றையொன்று கவனிக்காத மாதிரி அவர் நடப்பார். கன்னடம் பேசினால் கன்னடக்காரர், தெலுங்கு பேசினால் தெலுங்குக்காரர், தமிழ் பேசினால் சேலமா தர்மபுரியா என்று குழம்புகிற மாதிரி ஒரு தமிழ். “எந்த ஊரு மேடம்?” என்று கேட்டேன். “பஸ் ரூட்லதான் சார்” என்றார். அதற்கு மேல் எனக்கும் தெரியாது, அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது.

ஆனால் ஒன்று எல்லோருக்கும் தெரியும். அவர் காத்திருப்பார்.

நாமும்தான் காத்திருக்கிறோம், டோல்கேட்டில் காத்திருக்கிறோம், ரேஷனில் காத்திருக்கிறோம். முணுமுணுத்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, போனைத் தேய்த்துக்கொண்டு. அவருடையது அந்த ரகமில்லை. ஒரு பிள்ளையிடம் கேள்வி கேட்டுவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் முகவாயை வைத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அடுப்பில் பால் பொங்கப்போவதைப் பார்க்கிறவர் மாதிரி அந்தப் பிள்ளையின் முகத்தையே பார்ப்பார். சிரித்து உற்சாகப்படுத்துவது கிடையாது. முதல் எழுத்தை எடுத்துக்கொடுப்பது கிடையாது. முறைப்பதும் கிடையாது. பால் எப்படியும் பொங்கும், நாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்கிற முகம்.

அந்த வகுப்பில் இருபத்திமூன்று பிள்ளைகள். ஒருவர் வீட்டிலும் இங்கிலீஷ் இல்லை. வேப்பனப்பள்ளிப் பக்கத்து மாந்தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெலுங்கு. சிலருக்குக் கன்னடம். கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்களிலிருந்து மதுரைத் தமிழ், திருநெல்வேலித் தமிழ். கிரானைட் பட்டறையில் கல்லுக்குப் பாலிஷ் போடுகிறவரின் மகள் பிங்கிக்கு இந்தியோ போஜ்புரியோ. எதுவென்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் பள்ளியில் சேர்ந்து ஆறு மாதமாக அவள் எந்த மொழியிலும் வாயைத் திறக்கவில்லை.

முதல் நாள் ஆபீசிலிருந்து ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டு மூலையில் உட்கார்ந்தேன். தாளில் மூன்று கட்டம் போட்டேன். மிஸ் பேசியது, பிள்ளைகள் பேசியது, ஐடில். மணி அடித்ததும் வாட்சை அழுத்தினேன்.

அன்றைக்கு ஒரு துணிப்பைப் பாடம். பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவந்து பையில் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து தங்கள் பொருளை எடுத்துக் காட்ட வேண்டும். மிஸ் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “வாட் இஸ் திஸ்?” பிறகு முகவாய் உள்ளங்கைக்குப் போய்விடும்.

முதலில் வந்த பையன் பையில் கையை விட்டு ஒரு நட்டை எடுத்தான். அவன் அப்பா கம்பெனியில் ஃபிட்டர். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எத்தனை மாதம் ஆயிற்று ஒரு நட்டைப் பார்த்து.

“வாட் இஸ் திஸ்?”

பையன் நட்டைப் பார்த்தான். மிஸ்ஸைப் பார்த்தான். மேலே மின்விசிறியைப் பார்த்தான். பத்து நொடி. பதினைந்து நொடி. வெளியே ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துப் போனது. இருபது நொடி. எங்கள் லைனில் இவ்வளவு நேரம் ஒன்றும் நடக்காவிட்டால் சைரன் அடிக்கும், மேனேஜர் ஓடி வருவார், யாருக்காவது மெமோ வரும். என்னால் தாங்க முடியவில்லை.

“எம் எய்ட் ஹெக்ஸ் நட், ஜிங்க் பிளேட்டட்,” என்று எழுந்து நின்று சொல்லிவிட்டேன்.

இருபத்திமூன்று தலைகள் திரும்பின. மிஸ் மெதுவாகத் திரும்பினார்.

“கை தூக்கிட்டுத்தான் பேசணும் சார்.”

முன்வரிசையில் இருந்த ஒரு வாண்டு, பேசாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாதென்று நினைத்தோ என்னவோ, எழுந்து வந்து என் ஆள்காட்டி விரலைப் பிடித்து என் வாயிலேயே வைத்துவிட்டுப் போனான். அன்றைய மீதிப் பாடத்தை அப்படியேதான் பார்த்தேன். இடது கையால் எழுதினேன்.

“பையனுக்குத் தெரியல மேடம்,” என்று விரலுக்குப் பக்கவாட்டில் முனகினேன்.

“வந்துட்டிருக்கு சார்,” என்றார், ஏதோ டவுன் பஸ்ஸைப் பற்றிச் சொல்வது போல.

இன்னும் கொஞ்ச நேரம் கழித்துப் பையன் நட்டை உள்ளங்கையில் வைத்து நீட்டி, “திஸ் இஸ் மை டாடி,” என்றான்.

“யெஸ்,” என்றார் மிஸ். நட்டை வாங்கி மற்ற பிள்ளைகளிடம் சுற்றுக்கு விட்டார். அவர்களும் ஒவ்வொருவராக அதை வாங்கிப் பார்த்து மரியாதையாக அடுத்தவரிடம் கொடுத்தார்கள். கடைசியில் என்னிடமும் வந்தது. நான் அதை வழக்கம் போலப் புரட்டி மரையைப் பார்த்துவிட்டு என் தாளில் எழுதினேன்: ‘தவறான விடை. ஆசிரியர் திருத்தவில்லை.’

அறிவாளி.

அவருடைய காத்திருப்பு பிள்ளைகளோடு நிற்பதில்லை என்பதை மறுநாள் காலை பார்த்தேன். வேன் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. டிரைவர் இறங்கி வந்தார். மிஸ் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்றார், அவ்வளவுதான்.

“டயர் பஞ்சர் ஆயிடிச்சிங்க மேடம்,” என்றார் டிரைவர்.

மிஸ் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பஞ்சர்னா… பெருசா பஞ்சர் இல்லிங்க. குந்தாரப்பள்ளி சந்தை இன்னிக்கி. மாட்டு வண்டி, லோடு ஆட்டோன்னு ஒரே ஜாம்.”

பார்த்துக்கொண்டே இருந்தார்.

“வர வழியில எருது விடறாங்கோ மேடம். புள்ளைங்கதான் பாக்கணும்னு ஒரே அழுவ.”

இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நான்தாங்க பாக்கணும்னேன்,” என்று டிரைவர் சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார். “எங்க மச்சான் மாடு ஓடிச்சி.”

“ஜெயிச்சதா?” என்றார் மிஸ்.

“இல்லிங்க.”

“சரி, புள்ளைங்கள எறக்கி விடுங்க.”

இதைப் பார்த்த பிறகாவது எனக்குக் கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அன்று மாலையே கூட்டிப் பார்த்தேன். நாற்பது நிமிட வகுப்பில் மிஸ் பேசியது ஒன்பது நிமிடம், பிள்ளைகள் பேசியது பத்து நிமிடம், ஐடில் இருபத்தொரு நிமிடம். பிங்கி என்ற மாணவியின் உற்பத்தி பூஜ்ஜியம். இந்த ‘உற்பத்தி’ என்ற வார்த்தையை எழுதிவிட்டு இரண்டு முறை அடிக்கோடு வேறு போட்டேன். பாதிக்கு மேல் வேலை நடக்காத லைன் இது, ஆளை மாற்றலாம் என்று முடித்து, நாலு பக்கம் கையால் எழுதி ஆபீஸில் கொடுத்தேன். மூன்று நாள் பார்க்கச் சொல்லியிருந்தார், இரண்டே நாளில் முடித்துவிட்டோம் என்ற பெருமிதத்தில் அன்றைக்குத் தோசை இரண்டு கூடப் போயிற்று.

மூன்றாம் நாள் போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை. சொன்ன கணக்குக்குத் தலையைக் காட்டிவிட்டு வரலாமென்று போனேன். என் ஸ்டூலை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். நான் நிற்பதைப் பார்த்து இரண்டு பிள்ளைகள் ஒரு மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து போட்டார்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த குட்டி நாற்காலி. பிள்ளைகள் கொடுத்ததை வேண்டாமென்று சொல்லக்கூடாது என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதைவிட இறங்கினேன் என்று சொல்வது பொருத்தம். கைப்பிடிகள் முதலில் விலகிக் கொடுத்தன, பிறகு இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

பாதி வகுப்பில் மிஸ் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். “ஸ்டாண்ட் அப்.” பிள்ளைகள் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். நாற்காலியும் எழுந்தது.

வகுப்பு அதிர்ந்தது. ஒருவன் தரையில் விழுந்து உருண்டு சிரித்தான். நான் இடுப்பை ஆட்டிப் பார்த்தேன், அது இன்னும் வசதியாகப் பொருந்திக்கொண்டது. யாராவது பின்னாலிருந்து இழுத்தால் போதும் என்று மிஸ்ஸைப் பார்த்தேன். அவரும் எழுந்துகொண்டார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. சட்டென்று கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். என்னையும் சேர்த்துத்தான். அப்படியே நில்லுங்கள் என்று அர்த்தம்.

பிங்கியின் வாய் திறந்திருந்தது.

மிஸ் அவள் எதிரில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முகவாய் உள்ளங்கைக்குப் போனது. நான் குனிந்த முதுகோடு, பின்னால் மஞ்சள் நாற்காலியோடு, அரை வட்டமாக நின்றேன். பழக்க தோஷம், வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. இருபது நொடி. முப்பது. லாரி ஒன்று ஹாரன் அடித்தது. மிஸ் மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க ஆரம்பித்தார். ஐம்பது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை என் வாழ்க்கையில் அந்தப் பெண் வாய் திறக்க வேண்டுமென்று விரும்பியது போல வேறெதையும் நான் விரும்பியதில்லை. காரணம் முழுக்க அன்பு என்று சொல்ல மாட்டேன், இடுப்பு வலியும் இருந்தது.

“சார்,” என்றாள் பிங்கி. குரல் கரகரவென்று இருந்தது. “சார்… சேர்… கம்மிங்.”

மூச்சு விட்டார் மிஸ். “யெஸ் பிங்கி. சேர் இஸ் கம்மிங்.”

“சேர் கம்மிங்,” என்று அவள் இன்னொரு முறை சொன்னாள், இந்த முறை என்னைச் சுட்டிக் காட்டி, சத்தமாக. பிறகு நிறுத்தவே இல்லை. மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். நாலு பேர் நாற்காலியைப் பிடித்து இழுத்து என்னை விடுவித்தபோது வாட்சைப் பார்த்தேன். எழுபத்திரண்டு நொடி. என் தாளில் அதை எழுத ஒரு கட்டமும் இல்லை.

நேராகத் தாளாளர் அறைக்கு ஓடினேன்.

“அந்த ரிப்போர்ட்டக் குடுங்க, தப்பா எழுதிட்டேன்.”

“நல்லாத்தானே எழுதிக்கிற? உற்பத்தி பூஜ்ஜியம்னு. அத்தப் படிச்சதும் எனக்கே ஃபேக்டரி ஞாபகம் வந்துடிச்சி. சனிக்கெழமை பேரன்ட்ஸ் மீட்டிங்ல படிக்கறேன். உம் பேர் சொல்லமாட்டேன், வெளிய இருந்து வந்த நிபுணர்னு சொல்லிக்கலாம்.”

“படிக்காதீங்க.”

“ஊரெல்லாம் சொல்லிட்டேம்பா. படிக்கலன்னா எதையோ மறைக்கறேன்னு சொல்லுவாங்கோ. உனக்கு எதுனா சொல்லணும்னா அங்க வந்து சொல்லு.”

சனிக்கிழமை வந்தது. பெற்றோர்கள் ஷிப்ட் முடித்தும் ஷிப்டுக்குக் கிளம்பியும் கம்பெனிச் சட்டையோடு வந்திருந்தார்கள். மிஸ் சுவரோரமாக நின்றார். தாளாளர், யாரோ டைப் பண்ணிக் கொடுத்திருந்த தாள்களை விரித்து என் இருபத்தொரு நிமிடத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தார். படிக்கப் படிக்க எனக்கு வியர்த்தது. மிஸ் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார், வேறு யாரைப் பற்றியோ படிப்பது போல.

முதலில் எழுந்தவர் திருநெல்வேலிக்காரர். “நாங்க இங்கிலீஷுக்குத்தான் சார் இங்க சேத்தோம். எம் மவன் வீட்டுக்கு வந்து ‘அம்மா, நீள்ளு காவாலி’ங்கான். தெலுங்குல தண்ணி கேக்கான். எங்க வம்சத்துலயே தெலுங்கு பேசுன மொத ஆளு இவன்தான். இங்கிலீஷ் எங்க சார்? அந்த நிபுணரு எழுதுனது சரியாத்தான் இருக்கு.”

இரண்டு மூன்று பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். தாளாளர் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். நான்தான் அந்த நிபுணர் என்று சொல்லத்தான் எழுந்தேன். வாயில் வந்தது வேறு.

“அந்த நிபுணர் ஒரு மடையன்,” என்றேன்.

தாளாளர் இருமினார்.

“அவனுக்குப் புள்ளைங்களப் பத்தி என்ன தெரியும்? நட்டு போல்ட்டு பாத்த பய. மிஸ் அந்த இருபத்தொரு நிமிசமும் சும்மா இல்ல. அது அந்த மடையன் கண்ணுக்குத் தெரியல.” இந்த மாதிரி ஒரு மூன்று நிமிடம் என்னை நானே திட்டினேன். இவ்வளவு சரளமாக நான் யாரையும் திட்டியதில்லை, இவ்வளவு விவரம் தெரிந்தும் திட்டியதில்லை.

“அதெல்லாஞ் சரி சார், சும்மா இல்லன்னா என்ன செஞ்சாங்க?” என்றார் திருநெல்வேலிக்காரர். நியாயமான கேள்வி.

பின்னால் கதவோரம் பிங்கியின் அப்பா நின்றிருந்தார். கை முட்டி வரை கல் தூசி. தமிழ் அவருக்குக் கல்லை விடக் கனமானது. கையைத் தூக்கினார்.

“என் பொண்ணு,” என்றார். நிறுத்தினார். வார்த்தை தேடினார். யாரோ அவசரப்பட்டு, “ஹிந்தியில சொல்லுங்க பாய்” என்றார்கள். சுவரோரம் நின்ற மிஸ் அவசரப்பட்ட ஆளை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள்கூட வாட்சைப் பார்க்காமல் நின்றார்கள். திருநெல்வேலிக்காரரும் நின்றார்.

“என் பொண்ணு ஆறு மாசம் வீட்டுல பேசல. ஊர் விட்டு வந்தாச்சு, பேசல. அம்மாகிட்ட பேசல. எங்கிட்ட பேசல.” மூச்சு வாங்கிக்கொண்டார். “புதன்கெழம வந்து நாற்காலி கத சொல்லுது. ஒரு மோட்டா சார். நாற்காலி ஒட்டிப்போச்சு. சார் சேர் கம்மிங். சிரிக்குது. ராத்திரி சாப்பாடு நேரம் பூரா சிரிக்குது. நம்ம பாஷையில சொல்லுது, இங்கிலீஷ்ல சொல்லுது.” பிறகு கை கூப்பி, “மிஸ் இருக்கணும்,” என்று சொல்லிவிட்டு உட்கார இடமில்லாததால் நின்றபடியே இருந்தார்.

மோட்டா என்றால் குண்டு. அறையில் இருந்த அத்தனை பேரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

திருநெல்வேலிக்காரர், “சரி, தண்ணிய இங்கிலீஷ்ல கேக்குறதுக்கு எப்பம் வரும்?” என்றார், குரல் இறங்கி.

“வந்துட்டிருக்கு சார்,” என்றார் மிஸ்.

யாரோ சிரித்தார்கள், அவரும் சிரித்துவிட்டார். தாளாளர் என் நாலு பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, “இந்தப் பழம் இன்னும் கொஞ்ச நாளு பழுக்கட்டும்,” என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த வருஷத்துக்கும் அவர்தான் மிஸ் என்று ஆயிற்று.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததில் எனக்கு மட்டும் ஒரு நெருடல். அந்த நிபுணர் யார் என்று மிஸ்ஸிடம் நான் சொல்லவில்லை. பள்ளிப் பக்கம் போவதையே நிறுத்தினேன். நெடுஞ்சாலையில் போகும்போது அந்த இடம் வந்தால் ஸ்கூட்டரைக் கொஞ்சம் முறுக்குவேன். இரண்டு மாதம் அப்படிப் போயிற்று.

மாம்பழ லாரிகள் ஓட ஆரம்பித்திருந்த ஒரு சாயங்காலம், குருபரப்பள்ளி பஸ் நிறுத்தத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். அதே பருத்திப் புடவை, அதே ஷூ. முறுக்கப் போனேன், கை கேட்கவில்லை. வண்டியை ஓரங்கட்டினேன்.

“எப்படி சார் இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன் மேடம். பிங்கி எப்படி இருக்கா?”

“பேச்ச நிறுத்த முடியல.”

அதோடு கிளம்பியிருக்கலாம். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நின்றார்.

“அந்த ரிப்போர்ட் எழுதுன ஆளு… எனக்குத் தெரிஞ்சவர்தான் மேடம்,” என்றேன்.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ரொம்ப வேண்டியவரு.”

ஒரு லாரி போயிற்று. பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லதான் இருக்கோம்.”

டவுன் பஸ் வந்து நின்றது. ஏறப்போகிறார் என்று நினைத்தேன். ஏறவில்லை. கண்டக்டர் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார், பஸ் போய்விட்டது. அவர் அப்படியே நின்றார்.

“நான்தான் மேடம் எழுதினேன்,” என்றேன். “ஐடில், பூஜ்ஜியம், ஆளை மாத்தலாம், எல்லாம் நான்தான். உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லத் தைரியம் இல்ல. மன்னிச்சிடுங்க.”

“தெரியும் சார், உங்க கையெழுத்தப் படிச்சி டைப் பண்ணதே நான்தான்.”